வெளியிலிருந்து வரும் பூச்சி, நோய்களிடமிருந்து மரத்தைக் காப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய பகுதிகளில் ஆஷ் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தன. காரணம், மரகதப் பச்சையில் பளபளக்கும் ஒரு சின்ன வண்டு. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது அது. சரக்குகளை அடுக்கிக் கட்டும் மரச்சட்டங்களுக்குள் புழுவாகப் பதுங்கி வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். பிறகு மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்து பார்த்தபோதுதான், கண்டுபிடிப்பதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே அது அங்கே குடியேறிவிட்டது தெரிந்தது. அந்தப் பத்தாண்டில் எத்தனை பேர் அந்த மரங்களின் நிழலில் நடந்து போயிருப்பார்கள்! யாராவது ஒருவர் நின்று பட்டையைப் பார்த்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

மரத்தைக் காப்பாற்ற என்ன மருந்து அடிக்க வேண்டும் என்றுதான் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்கிறார்கள். மருந்து கடைசியில் வரும் விஷயம். மரத்தைப் பார்க்கப் பழகுவது முதல் வேலை. பூச்சியையும் நோயையும் நாமே சுமந்துகொண்டு போகாமல் இருப்பது இரண்டாவது வேலை. இந்த இரண்டுக்கும் தனிப் படிப்பு எதுவும் தேவையில்லை.

வெளியிலிருந்து வருவது மட்டும் ஏன் இவ்வளவு நாசம் செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பூச்சி பிறந்த மண்ணில் அதைத் தின்னும் பறவை இருக்கும், அதன் புழுவுக்குள் முட்டையிடும் குளவி இருக்கும். அங்குள்ள மரங்களும் தலைமுறை தலைமுறையாக அதோடு போராடித் தாக்குப்பிடிக்கக் கற்றிருக்கும். அந்தப் பச்சை வண்டு சீனாவில் பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரங்களைத்தான் தாக்குகிறது. புது நிலத்தில் அதற்கு எதிரியும் இல்லை, மரத்துக்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. செஸ்ட்நட் கருகல் நோயும் அப்படித்தான். ஆசியச் செஸ்ட்நட் மரங்களில் பெரிய தொல்லை தராத அந்தப் பூஞ்சை 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. அடுத்த 50 ஆண்டுகளுக்குள் 300 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் அழிந்துபோயின.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

1. உங்கள் மரத்தின் பெயரும் வழக்கமும் தெரிய வேண்டும்

என்ன மரம் என்று தெரியாமல் எந்த நோய் என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலான பூச்சிகளும் பூஞ்சைகளும் குறிப்பிட்ட சில மரங்களைத்தான் நாடும். பெயர் தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டியவற்றின் பட்டியல் உடனே சுருங்கிவிடும்.

அடுத்தது வழக்கம். எந்த மாதம் இலை உதிர்க்கும், எப்போது துளிர்க்கும், பட்டை இயல்பாகவே உரியுமா, அடியில் பிசின் கசிவது அதற்குச் சகஜமா? நன்றாக இருக்கும்போதே இதையெல்லாம் கவனித்து வைத்தால்தான் கோளாறு வரும்போது கண்ணில் படும். பருவத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, முழு மரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். இரண்டு வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உச்சி மெலிந்திருப்பது பளிச்சென்று தெரியும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது.

2. மாதம் ஒரு முறை, பத்து நிமிடம், மேலிருந்து கீழாக

முதலில் தள்ளி நின்று உச்சியைப் பாருங்கள். இலை அடர்த்தி குறைந்து வானம் தெரிகிறதா? நுனிக் கிளைகள் மொட்டையாக நிற்கின்றனவா? ஒரே ஒரு கிளையில் மட்டும் இலை பருவம் தவறிப் பழுத்து வாடுகிறதா? எல்ம் மரங்களைக் கொல்லும் வாடல் நோய் பெரும்பாலும் அப்படி ஒற்றைக் கிளையில்தான் தொடங்கும். தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால் மரம் முழுவதும் ஏறத்தாழ ஒரே மாதிரி வாடும்.

பிறகு பக்கத்தில் வந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், விஷயம் அடிப்பக்கத்தில் இருக்கும். தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ, கீற்றின் அடிப்பக்கத்தில் விரலால் வட்டமாகக் கோலம் இழுத்த மாதிரி வெள்ளை மெழுகுச் சுருள்களில் முட்டையிடும். அதன் இனிப்பான கழிவு கீழ்க் கீற்றுகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். கீற்று கறுத்துப் போயிருக்கிறதே என்று கறுப்பைத் துடைத்துவிட்டால் பயனில்லை. அதற்கு நேர் மேலே இருக்கும் கீற்றின் அடியைப் பார்க்க வேண்டும். மரத்தில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினாலும் சற்று நின்று பாருங்கள். இனிப்புக் கழிவு தரும் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ மேலே எங்காவது இருக்கும்.

அடுத்து அடிமரம். இங்கே அவசரப்பட வேண்டாம். பட்டையில் துளை இருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். துளையின் வடிவமே பாதி விடை. அந்தப் பச்சை வண்டு வெளியேறும் துளை 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டம் போல. பக்கத்தில் தளர்ந்த பட்டையைப் பெயர்த்தால் உள்ளே பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து போகும் பாதைகள், அவற்றில் அழுத்தி அடைத்த மரத்தூள். ஆசிய நீள்கொம்பு வண்டின் துளை வேறு மாதிரி: துளைக்கருவி வைத்துப் போட்டது போல சுத்தமான வட்டம், ஒரு பென்சில் நுழையும் அகலம். மரப்பட்டை வண்டுகளுக்கு ஊசிமுனை அளவில் நிறைய துளைகள் இருக்கும்.

துளையில்லாமல் கசிவு மட்டும் இருந்தால் நிறத்தையும் வாசனையையும் கவனியுங்கள். பழுப்பும் கறுப்புமாகப் பட்டையில் ஒழுகிக் காய்ந்த கறை, அதைச் சுரண்டினால் உள்ளே செம்பழுப்பாக அழுகிய திசு என்றால், மண்வழி வரும் பைட்டோப்தோரா (பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர்) வகை நோயாக இருக்கலாம். தென்னையிலும் பேரீச்சையிலும் சின்னத் துளையிலிருந்து பழுப்புத் திரவம் ஒழுகி, மென்று துப்பியது போல நார்ச்சக்கை வெளியே தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டைச் சந்தேகிக்கலாம். காதை மரத்தில் வைத்துக் கேளுங்கள். புழுக்கள் உள்ளே கரகரவென்று மெல்லும் சத்தம் கேட்கும். அதைக் கேட்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் உச்சிக் குருத்து சாயாமல் இருந்தால் அந்த மரத்தைப் பிழைக்க வைக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக வேர்க்கழுத்து, அதாவது மரம் மண்ணில் இறங்கும் இடம். காளான் முளைத்திருக்கிறதா, மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா, மண்ணோ குப்பையோ அடிமரத்தை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கிளை செத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். கீழே ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

பார்த்ததைத் தேதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள். ‘எதுவும் இல்லை’ என்பதும் எழுத வேண்டிய வரிதான்.

3. பார்த்ததெல்லாம் எதிரி இல்லை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் தொடங்கிய புதிதில் ஒரு செடியில் மாவுப்பூச்சி பரவியதைப் பார்த்து, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருந்த அத்தனையையும் நசுக்கிவிட்டேன். அவற்றில் பெரியதாக, குஞ்சம் குஞ்சமாக மெழுகு தொங்கிக்கொண்டு வேகமாக ஓடியவை மாவுப்பூச்சிகள் இல்லை, அவற்றைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுக்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டும் ஒரே தோற்றம். மாவுப்பூச்சி இடம்விட்டு அசையாது, அசைந்தாலும் மெல்ல. பொறிவண்டுப் புழு விரல் பட்டதும் விறுவிறுவென்று நகரும். இந்த ஒரு வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்றும் வேலையை அவையே பார்த்திருக்கும். இப்போதும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

பட்டையில் படரும் சாம்பல், பச்சை நிற மரப்பாசிகள் மரத்தை ஒன்றும் செய்யாது. செத்த கட்டையில் இருக்கும் வண்டு பெரும்பாலும் செத்த கட்டையைத் தின்னும் வண்டுதான். அடையாளம் உறுதியாகும் வரை நசுக்கவோ அடிக்கவோ வேண்டாம், படம் எடுங்கள்.

4. எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

மரத்துக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் சில கிலோமீட்டர். ஒரு வண்டி விறகில் அது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். காய்ந்த விறகுதானே என்று நினைக்க வேண்டாம். காய்ந்த கட்டைக்குள்ளும் புழுவும் கூட்டுப்புழுவும் உயிரோடு இருக்கும், வெளியே ஒரு துளைகூடத் தெரியாது. விறகை எங்கே வெட்டினார்களோ அங்கேயே எரித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

மரப்பெட்டி, மரத்தட்டு வகைகளுக்கு ஓர் உலக விதி இருக்கிறது. நாடு விட்டு நாடு போகும் மரப்பொதிகளுக்காக 2002-இல் கொண்டுவந்தது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, அது 30 நிமிடம் தொடர்ந்து இருக்க வேண்டும், அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பூச்சி நீக்க வேண்டும். அப்படிச் செய்த பொதியில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு வந்த பழைய மரத்தட்டை மேசை செய்யவோ தொட்டி செய்யவோ எடுப்பவர்கள் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். முத்திரை இல்லாத மரத்தில் பட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேண்டாம்.

மண்ணும் அப்படித்தான் பயணம் போகும். நியூசிலாந்தின் கவுரி மரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை. அவற்றைக் கொல்லும் பைட்டோப்தோரா, நடப்பவர்களின் செருப்பில் ஒட்டிய மண்ணோடு பரவுகிறது. அதனால்தான் அங்கே காட்டுப்பாதைகளின் வாசலில் காலணி கழுவும் இடங்கள் வைத்திருக்கிறார்கள். 2018-இல் வைட்டாக்கரே மலைக்காட்டின் பாதைகளையே மூடினார்கள். நாம் செய்ய வேண்டியது சின்ன வேலை: ஒரு தோப்பிலிருந்து இன்னொரு தோப்புக்குப் போகும் முன் காலணியில், சக்கரத்தில், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் கிருமிநாசினி போடுவது. மண்ணின்மேல் கிருமிநாசினி தெளித்தால் வேலை செய்யாது.

வண்டியையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சில அந்துப்பூச்சிகளும் தத்துப்பூச்சிகளும் சக்கர வளைவு, வெளியில் கிடக்கும் நாற்காலி, கல் என்று எதில் வேண்டுமானாலும் முட்டைக் குவியலை ஒட்டிவைக்கும். பார்த்தால் காய்ந்த சேறு அப்பியது போலவோ, பழுப்புப் பஞ்சுத் திட்டு போலவோ இருக்கும். ஓர் அட்டையால் சுரண்டி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

5. புதுக் கன்று வந்தால் தனியாக வையுங்கள்

இத்தாலியின் புலியா பகுதியில் 2013-இல் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியா லட்சக்கணக்கான ஆலிவ் மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. அலங்காரச் செடியாக வந்த காபிச் செடி வழியே அது நுழைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செடி கொண்டுவருவது அவ்வளவு பெரிய விஷயம். வெளிநாட்டுப் பயணத்தில் ஆசைப்பட்டு ஒரு கிளையையோ விதையையோ பையில் போட்டு வருவது கூடவே கூடாது.

உள்ளூரிலேயே வாங்கும் கன்றையும் வாங்கும் இடத்திலேயே இலையடி, தண்டு, வேர் மூன்றையும் பார்த்து எடுங்கள். தொட்டியிலிருந்து உருவிப் பார்க்கக் கேளுங்கள். வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்க வேண்டும். பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால் வேண்டாம். கொண்டுவந்ததும் மற்ற செடிகளிலிருந்து தள்ளி மூன்று நான்கு வாரம் வைத்து, வாரம் ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு நடுங்கள்.

6. வெட்டும்போது கவனம்

வெட்டுக்காயம் நோய்க்குத் திறந்த வாசல். புதுக் காயத்தின் வாசனைக்கே எல்ம் பட்டை வண்டுகள் வந்துவிடும். ஆகவே கவாத்து செய்யும் காலத்தை அந்த மரத்தின் எதிரி நடமாடாத பருவமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஈரமாக இருக்கும்போது வெட்ட வேண்டாம்.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போலப் புடைத்திருக்கும். காயத்தை மூடி ஆற்றும் திசு அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டி, அதற்கு வெளியே வெட்டுங்கள். மோதிரத்தையும் சேர்த்து வழித்தால் காயம் ஆறாது. நீளமாகக் கட்டை விட்டு வெட்டினாலும் அழுகும். கனமான கிளை என்றால் மூன்று வெட்டு: மோதிரத்திலிருந்து ஓர் அடி தள்ளி அடியிலிருந்து கொஞ்சம், இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து முழுதாக, கடைசியில் மிஞ்சிய கட்டையை மோதிரத்தை ஒட்டி. இப்படிச் செய்தால் கிளை விழும்போது பட்டையைக் கிழித்துக்கொண்டு போகாது. தென்னைக்கு இந்தக் கணக்கு செல்லாது. பச்சை மட்டையை வெட்டவே கூடாது, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் மட்டையை விட்டு வெட்டுங்கள். அந்தக் காயத்தில்தான் கூன்வண்டு முட்டையிடும்.

ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் ரம்பத்தையும் கத்தரியையும் துடைத்துவிட்டு 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் மீண்டும் துடையுங்கள். பிளீச்சும் வேலை செய்யும், ஆனால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

7. மரம் தெம்பாக இருக்கட்டும்

மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் பல நலிந்த மரத்தைத் தேடி வரும். வறட்சியில் மாதக்கணக்கில் தண்ணீரின்றி நின்ற மரம் அவற்றுக்கு எளிய இரை. தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நிழல் விழும் விளிம்பு வரை பரவலாக, ஆழமாக விடுங்கள். மூடாக்கு, அதாவது மண்ணை மூடப் போடும் சருகு, 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம் போதும். அதை மலை போல் குவித்து அடிமரத்தில் சாய்க்க வேண்டாம், ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஆணி அடிப்பது, கம்பி கட்டுவது, புல்வெட்டியால் அடிப்பட்டையைச் சீவுவது எல்லாமே நாம் திறந்துவிடும் கதவுகள்.

8. சந்தேகம் வந்துவிட்டால்

முதலில் வெட்டாதீர்கள், நகர்த்தாதீர்கள். முழு மரம், பாதிக்கப்பட்ட கிளை, நெருக்கத்தில் அடையாளம் என்று மூன்று படங்கள் எடுங்கள். நெருக்கப் படத்தில் ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். பூச்சி கிடைத்தால் மூடிய சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். உயிரோடு எங்கும் அனுப்பக் கூடாது. இடம், தேதி, மரத்தின் பெயர் எழுதி உங்கள் பகுதி வேளாண் அல்லது வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். 1951-இல் உருவான பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இப்போது 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் இதற்கென ஓர் அதிகாரபூர்வ அமைப்பு உண்டு, தகவல் அங்கே போய்ச் சேரும்.

தவறாக இருந்தால் என்ன செய்வது என்று தயங்கவே வேண்டாம். 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு இருப்பதை வெளிக்கொண்டு வந்தது, தெரு மரங்களில் துளைகளைக் கவனித்த ஒரு குடியிருப்பாளர்தான். சிகாகோவில் அதே வண்டு 1998-இல் கண்ணில் பட்டது. பாதித்த மரங்களை அகற்றி, சுற்றியுள்ளவற்றுக்கு மருந்து கொடுத்து, வருடக்கணக்கில் கண்காணித்து 2008-இல் அங்கே அதை முற்றிலும் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். சீக்கிரம் பார்த்ததால் முடிந்தது.

9. மருந்து எப்போது?

அடையாளம் உறுதியான பிறகு, அந்தப் பூச்சிக்கென்று பரிந்துரைத்ததை, சொன்ன அளவில் மட்டும். பச்சை வண்டுக்கு அடிமரத்தில் செலுத்தும் எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உச்சியில் பாதிக்கு மேல் பட்டுவிட்ட மரத்துக்குச் செலுத்திப் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் மருந்தை மேலே ஏற்றும் பாதையையே புழு அறுத்திருக்கும்.

சில நேரம் மருந்து அடிக்காமல் இருப்பதுதான் வைத்தியம். சுருள் வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டுப் பப்பாளி, மல்பெரி எல்லாவற்றையும் சூறையாடியபோதும், 2010-இல் கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. இலையடியில் சுரண்டிப் பார்த்து, வெள்ளை ஈயின் காலிக் கூடுகளில் வட்டமான சின்னத் துளைகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள், எறும்பை மட்டும் தடுத்துவிடுங்கள்.

10. மறுபடி நடும்போது

ஒரே மரத்தை வரிசையாக நட்ட தெருக்களில் ஒரு பூச்சி வந்தால் தெருவே மொட்டையாகிறது. நகரங்களில் மரம் நடுபவர்கள் 1990 முதல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மொத்தத்தில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நான்கு மரம் வைக்கிற இடத்தில் இந்தச் சதவீதம் பொருந்தாது. அங்கே நான்கும் வேறு வேறு குடும்பமாக இருக்கட்டும்.

மண்வழி நோயில் செத்த மரத்தின் குழியில் அதே இனத்தை நடாதீர்கள். பழைய வேர்கள் மண்ணுக்குள் கிடக்கும், பக்கத்து மரத்தின் வேரோடு ஒட்டியும் இருக்கும். நட்ட கன்றுக்கு முதல் ஆண்டு மட்டும் மாதம் ஒரு முறை என்பதை வாரம் ஒரு முறை ஆக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றப் போகும்போதே ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.